பில் இல்லாத விதை வேண்டாம்

மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘கமலா’, நம் பக்கத்தில் பி.பி.டி. என்று சொல்கிற சம்பா மசூரியிலிருந்து வந்தது. டெல்லி பூசா நிறுவனத்தின் ‘பூசா டி.எஸ்.டி. 1’, வறட்சியையும் உவரையும் தாங்குவதற்காக உருவானது. இவற்றில் வேறு உயிரின் மரபணு இல்லை. நெல்லின் சொந்த மரபணுவில்தான் சிறு திருத்தம். பி.டி. பருத்தியிலோ மண் பாக்டீரியா ஒன்றின் மரபணு இருக்கிறது. அதனால்தான் இத்தகைய திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான அனுமதி முறையிலிருந்து 2022இல் விலக்கு கிடைத்தது. விலக்கு இருக்கட்டும், மூட்டையில் இருப்பது எப்படி உருவான விதை என்று வாங்குகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பேன்.

புது விதை என்ற பேச்சு எழுந்தால் போலியும் கூடவே வரும். பருத்தியில் இதைப் பார்த்துவிட்டோம். களைக்கொல்லியைத் தாங்கும் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. ஆனாலும் மகாராஷ்டிரா, குஜராத், தெலங்கானா பகுதிகளில் அது திருட்டுத்தனமாக விற்கிறது. களையெடுக்கும் கூலி மிச்சமாகும் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். பாக்கெட்டில் சாதாரண விதை கலந்திருந்தால், கிளைபோசேட் களைக்கொல்லி அடித்ததும் களையோடு பருத்தியும் கருகும். காற்றடித்தால் பக்கத்து வயல் துவரையும் போகும். பில் கொடுக்காத வியாபாரியை அப்புறம் எங்கே பிடிப்பது?

ஆகவே விதை வாங்கும்போதே பில் கேளுங்கள். கொடுக்க வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. ரகம், குவியல் எண், காலாவதி நாள் மூன்றும் பில்லிலும் அட்டையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். நெல்லுக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், வீரிய ஒட்டுப் பருத்திக்கு 75. விதைத்த பிறகும் அட்டையையும் பையையும் ஒரு பிடி விதையையும் அறுவடை வரை வைத்திருங்கள்.

முளைக்காமல் போனாலோ கலப்பு தெரிந்தாலோ உடனே உழுதுவிடாதீர்கள். விதை ஆய்வாளருக்கும் வேளாண் உதவி இயக்குநருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, வயலை வந்து பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. சோதனைக்கென்று விதையை மிச்சம் பிடித்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றும் அதில் சொன்னது. எனவே கையில் விதை இல்லையென்றாலும் வழக்கைக் கைவிட வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கடை விதையை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. பதிவு பெற்ற ரகத்தின் விதையையும் எடுத்துவைக்க, மறுபடி விதைக்க, பக்கத்துக்காரருக்குக் கொடுக்க, விற்கக்கூட 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவருக்கு உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகம் என்று அட்டை போட்டு, பாக்கெட்டில் அடைத்து விற்கத்தான் கூடாது. 2019இல் தன் பதிவு பெற்ற ரகத்தைப் பயிரிட்டதாகச் சொல்லி, குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் நால்வரிடம் தலா ஒரு கோடியே 5 லட்சம் ரூபாய் கேட்டு பெப்சிகோ வழக்குப் போட்டது. விவசாயச் சங்கங்கள் இந்தச் சட்டத்தைக் காட்டி எதிர்த்து நின்றன. சில வாரங்களில் நிறுவனம் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது.