கோப்பை உண்டு, கூலி இல்லை!

கனடா நாட்டின் தலைநகர் ஒட்டாவா. 2017-ம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ம் நாள். பனிக்கட்டித் தரையில் மாதர் ஹாக்கி இறுதிப் போட்டி முடிகிறது. மாண்ட்ரீல் அணி மூன்று கோல், கால்கரி அணி ஒன்று. கிளார்க்சன் கோப்பை கைக்குக் கை மாறுகிறது. வென்ற அணியிலே கடல் கடந்து வந்த பிரெஞ்சு நாட்டுப் பெண் ஒருவர்: மரியோன் அலெமோஸ்.

கோப்பை கிடைத்தது, சரி. பருவம் முழுவதும் ஆடியதற்கு அந்த லீக் இவர்களுக்குத் தந்த சம்பளம் எவ்வளவு தெரியுமா, தோழர்களே? ஒரு காசு இல்லை! ஐஸ் மண்டபத்துக்கு வாடகை தரப் பணம் இருந்தது. ஊர் விட்டு ஊர் போகும் செலவுக்கும் இருந்தது. ஆடுகிற கைக்கும் காலுக்கும் மட்டும் இல்லை. பகலில் வேறு வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் பந்தயம் என்றுதான் அந்த லீகில் பலருக்கும் பொழுது கழிந்தது.

இந்த ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்தது புல்தரை ஹாக்கி. அங்கே பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வட்டு. பக்கத்துக்கு ஆறு பேர், இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. காலில் கத்திபோன்ற தகடு கட்டிய செருப்பு. வேகம் மிகுதி என்பதால் ஓர் ஆட்டக்காரர் ஒரு நிமிடம்கூடத் தொடர்ந்து நிற்பதில்லை. மூச்சு வாங்க வெளியேறுவார், அடுத்தவர் குதிப்பார். நம் ஆலைகளில் ‘ஷிப்டு’ மாறுவதை எட்டு மணிக்கு ஒருமுறை பார்க்கிறோம். அங்கே முக்கால் நிமிடத்துக்கு ஒரு ‘ஷிப்டு’. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் அதுவேதான்!

அலெமோஸ் பிறந்தது 1989-ல், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் சவாய் வட்டாரத்துச் சாம்பெரி நகரில். அவருக்கு இரண்டு வயதிருக்கும்போது, 1992-ல், அதே சவாயில் ஆல்பர்வில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. மெரிபேல் என்ற மலையூரில் ஹாக்கிக்கென்றே மண்டபம் எழுந்தது. உலகத்து ஆடவரெல்லாம் வந்து ஆடினார்கள். மாதருக்கு? இடமில்லை! ஆடவர் ஹாக்கி 1920-லேயே ஒலிம்பிக்கில் ஏறிவிட்டது. மாதர் ஹாக்கி ஏறியது 1998-ல், ஜப்பானின் நாகனோவில். இடைவெளி 78 ஆண்டு.

பிரெஞ்சு நாட்டிலே கால்பந்து என்றால் ஊர் திரளும். ரக்பி என்றால் தெற்கே தெருவே திரளும். பனிக்கட்டி ஹாக்கி மலையூர்க்காரர் ஆட்டம். அதிலும் பெண்கள் ஆட்டம் மூலையில் ஒரு மூலை. அதனால்தான் அலெமோஸ் அட்லாண்டிக்கைக் கடந்தார். மாண்ட்ரீல் பல்கலைக்கழகத்தில் பாடமும் பிரெஞ்சு, பேச்சும் பிரெஞ்சு. ஆட்டமோ உலகத் தரம். அங்கிருந்து மாண்ட்ரீல் நகர அணி. அந்த அணிக்குத் தலைவி மேரி-ஃபிலிப் பூலான், ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அத்தகையவருக்கும் அந்த லீகில் சம்பளம் இல்லையென்றால், வந்தேறிப் பெண் யாரிடம் போய்க் கேட்பது?

அந்தக் கோப்பைக்கே ஒரு கதை உண்டு. ஆடவர் லீகில் முதலாளிகள் கதவடைப்புச் செய்து 2004-05 பருவத்தையே மூடினார்கள். அப்போது கனடாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த ஏட்ரியன் கிளார்க்சன் என்ற அம்மையார், “ஆடவர் ஆடாவிட்டால் ஸ்டான்லி கோப்பைக்குப் பெண்கள் ஆடட்டுமே” என்ற பொருளில் ஒரு யோசனை சொன்னார். அது நடக்கவில்லை. மாறாக, அவர் பெயரிலேயே மாதருக்கு ஒரு கோப்பை பிறந்தது. கதவடைப்புத் தந்த கொடை என்று இதைச் சொன்னால் தவறா?

கோப்பை கைமாறிப் பத்து நாளாயிற்று. எல்லைக்கு அப்பால், அமெரிக்க தேசிய அணிப் பெண்கள் ஓர் இடியை இறக்கினார்கள். “நியாயமான ஊதியம் பேசி முடிக்காவிட்டால் உலகப் போட்டியில் ஆடமாட்டோம்!” அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது ஒலிம்பிக்கை ஒட்டிய ஆறு மாதத்துக்கு மட்டும், மாதம் 1,000 டாலர். சங்கம் என்ன செய்தது? முதலாளிகள் எங்கும் செய்வதைத்தான் செய்தது. மாற்று ஆட்களைத் தேடியது. கல்லூரிப் பெண்களுக்கும் பள்ளிப் பெண்களுக்கும் அழைப்புப் போயிற்று. தேசிய அணிச் சட்டை யாருக்குத்தான் கசக்கும்? ஆயினும் மறுத்தார்கள், ஒருவர் பின் ஒருவராக. கருங்காலி கிடைக்காத களத்தில் சங்கம் இறங்கிவந்தது. மார்ச்சு 28-ல் ஒப்பந்தம். 31-ல் போட்டி தொடங்கியது. தங்கமும் அவர்களுக்கே.

அதே ஆண்டின் அடுத்த பருவத்தில் அந்தக் கனடா லீகும் முதன்முறையாகப் பணம் கொடுத்தது. பருவத்துக்கு 2,000 டாலர் முதல் 10,000 டாலர் வரை. வாழ்க்கை நடத்த அது போதாது. ஆனால் சூனியம் உடைந்தது.

அலெமோஸ் பின்னர் ஸ்வீடனுக்குப் போய் மோடோ கழகத்துக்கு ஆடினார். 2018-ல் பிரெஞ்சு மாதர் அணி தன் சொந்த மண்ணிலே, வோஷானியில், முதல் நிலைக்கு ஏறிற்று. 2019 ஏப்ரலில் பின்லாந்தின் எஸ்பூ நகரில், உலகின் முதல்தர அணிகளோடு பிரெஞ்சுப் பெண்கள் நின்றது அதுவே முதன்முறை. அணித் தலைவி சாம்பெரிப் பெண்தான். வெற்றி என்று பூசி மெழுக மாட்டோம். கடைசி இடம், மீண்டும் கீழ்நிலை.

அந்தப் போட்டி தொடங்க நாலு நாள் இருக்கும்போது, பணமில்லை என்று கனடா லீக் தன் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. அடுத்த மாதமே 200-க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள்: பிழைக்க வழி தராத எந்த லீகிலும் இப்பருவம் ஆடோம்! அவர்கள் இழந்தது ஒரு பருவமல்ல. சிலருக்கு ஆட்டவாழ்வின் நல்ல ஆண்டுகளே கரைந்தன. அதைக் கணக்கில் எழுதாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

2023 ஜூலையில் பலன் வந்தது. மார்க் வால்ட்டர் என்ற பெருஞ்செல்வர் பணம் போட்டார், உண்மை. ஆனால் புதிய லீகில் முதல் வட்டு தரையில் விழுமுன்பே, ஆட்டக்காரர் சங்கம் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டது. 2031 வரை செல்லும். குறைந்த சம்பளம் 35,000 டாலர். ஒவ்வோர் அணியிலும் ஆறு பேருக்காவது 80,000-க்குக் குறையக்கூடாது.

2024 ஜனவரி முதல் நாள் அந்த லீகின் முதல் ஆட்டம். நியூயார்க் அணி டொராண்டோவை நாலுக்குச் சுழியம் என்று வென்றது. அந்த முதல் பருவத்து நியூயார்க் அணியில் ஒரு பிரெஞ்சுப் பெண் இருந்தார்: குளோயி ஒராட். கிரெனோபிலுக்கு மேலே வில்லார்-த-லான் என்ற மலையூரில் பிறந்தவர். அலெமோஸைவிடப் பத்து வயது இளையவர். அதே வட்டு, அதே பனித்தரை. ஆனால் இவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது.