ஆட்டத்தின் நடுவே பிளக்கைக் கழற்றாதீர்கள்

மஃரிப் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. வாப்பா முன்னறையில் பாய் விரித்துவிட்டார். உள்ளறையில் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த மகன் மட்டும் எழும்பவில்லை. "இன்னும் ரெண்டு நிமிசம் உம்மா. இத இடையில நிப்பாட்ட ஏலாது" என்ற பதில்தான் வந்தது. உம்மா ஒன்றும் பேசவில்லை. நேரே போய் சுவரிலிருந்த பிளக்கைக் கழற்றினார். அன்றிரவு மகன் சாப்பிட வரவில்லை.

இது 2021ஆம் ஆண்டு, ஊரடங்குக் காலத்தில் என் ராத்தாவின் வீட்டில் நடந்தது. பாடசாலைகள் மூடிக் கிடந்தன. சாதாரண தரப் பரீட்சை எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. நானும் அந்த நாட்களில் அங்கேயே தங்க நேர்ந்தது. மறுநாள் காலை மகனிடம் போய் இருந்து, "அது என்ன ஆட்டம் மகன், எனக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டேன். சாச்சி புத்தி சொல்ல வந்திருக்கிறா என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு காட்டினான். அன்று நான் அறிந்துகொண்டவற்றை இந்தப் பக்கத்தின் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன். ஏனெனில், பிள்ளை எதிலே தோற்கிறான், ஏன் தோற்கிறான் என்பதை அறியாமல் அவனோடு நேரத்தைப் பற்றிப் பேசுவதில் பலன் இல்லை.

அந்த ஆட்டத்தின் பெயர் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்'. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிளிஸார்ட் என்ற நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்டது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று ஒரு கற்பனை உலகில் திரிவார்கள். கம்பியூட்டர் இயக்கும் மிருகங்களோடு சண்டையிடுவது அதில் ஒரு பகுதி. இன்னொரு பகுதியில் எதிரே நிற்பது எங்கோ ஒரு நாட்டில் இருந்து ஆடும் உண்மையான மனிதர். 2007ஆம் ஆண்டு இந்த இரண்டாவது வகைக்கென 'அரீனா' என்ற களத்தைத் திறந்தார்கள். இரண்டு பேருக்கு இரண்டு பேர், மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து என்று அணிகள் மோதும். 2007இன் விதிகளோடு கூடிய பழைய பதிப்பை 2021 ஜூனில் மீண்டும் வெளியிட்டார்கள். ராத்தாவின் மகன் ஆடியது அதைத்தான். (மந்திரவாதிப் பாத்திரங்கள் வரும் ஆட்டங்களைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். அது என் வேலையல்ல.)

"இடையில நிப்பாட்ட ஏலாது" என்று பிள்ளை சொன்னது பொய்யல்ல. மிருகத்தோடு சண்டையிடும்போது பாதியில் எழும்பிப் போகலாம். மிருகம் கோபிக்காது. அரீனாவில் அவனோடு ஒரு கூட்டாளி நிற்கிறான். இவன் மறைந்தால் அவன் தனியே இரண்டு பேரிடம் அகப்பட்டு அடிவாங்குவான். இருவருக்கும் புள்ளி குறையும். நல்ல வேளையாக இந்த ஆட்டங்கள் நீண்டவை அல்ல. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே கேட்க வேண்டிய நேரம் ஆட்டத்தின் நடுவில் அல்ல, அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்னர்தான். இதை ராத்தாவுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு இரண்டு நாள் சென்றது.

இனி, முன்னேற்றம் என்ற விடயத்துக்கு வருவோம். கூட நேரம் ஆடினால் கூடத் திறமை வரும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். பெற்றோரும் அதை நம்பித்தான், "இதிலே கெட்டிக்காரனாகப் போனால் படிப்பு போய்விடும்" என்று பயப்படுகிறார்கள். இந்த நம்பிக்கை இந்த ஆட்டத்திலேயே ஒரு தடவை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது.

2005ஆம் ஆண்டு, அரீனா வருவதற்கு முன்னர், மனிதரோடு மனிதர் மோதுவோருக்கு 14 படிகள் கொண்ட ஒரு பதவி முறையை வைத்தார்கள். ஒரு வாரத்தில் நீங்கள் எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்பது மட்டும் போதாது. மற்றவர்களைவிடக் கூட எடுத்தீர்களா என்றே பார்க்கப்படும். ஒரு வாரம் ஓய்வெடுத்தால் ஏறிய படியிலிருந்து இறங்க வேண்டும். நடந்தது என்ன? 14ஆவது படிக்காகச் சிலர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், தூங்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆடினார்கள். ஒரே கணக்கை இரண்டு மூன்று பேர் முறைவைத்து ஆடியதும் உண்டு. மேலே ஏறியவர் சிறந்த ஆட்டக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தூக்கத்தைக் கூட விட்டவராக இருந்தால் போதும். 2006 டிசம்பரில் அந்த முறையைக் கைவிட்டார்கள். அடுத்து வந்த அரீனாவில் ஒரு வாரத்துக்கான வெகுமதிப் புள்ளிகளைப் பெற 10 ஆட்டங்கள் ஆடினால் போதும் என்று விதித்தார்கள். பத்தே பத்து! இந்த விடயத்தைக் கேட்டபோது ராத்தா, "அப்ப இவர் ஒரு நாளைக்கு முப்பது ஆடுறது எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி.

அரீனாவின் புள்ளி முறை சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ என்பவர் வகுத்த கணக்கு அது. உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970ஆம் ஆண்டு முதல் அதைப் பின்பற்றுகிறது. எதிரி உங்களைவிட 200 புள்ளி கூடியவர் என்றால் நான்கில் மூன்று தடவை அவரே வெல்வார் என்று கணக்கு எதிர்பார்க்கிறது. 400 புள்ளி வித்தியாசம் என்றால் பதினொன்றில் பத்து. வென்றால் உங்கள் புள்ளி கூடும், அதனால் இன்னும் பலமான எதிரி வருவார். தோற்றால் குறையும், இலகுவான எதிரி வருவார். இதன் விளைவைக் கவனியுங்கள். எவரும் தமது தரத்துக்கு வந்து சேர்ந்ததும் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்கவே வேண்டும். பாதி தோல்வி என்பது அந்தத் தராசு சரியாக நிறுக்கிறது என்பதற்கு அடையாளம். இதை அறியாத பிள்ளை ஒவ்வொரு தோல்வியையும் அவமானமாக எடுத்துக்கொள்கிறான். "வென்றுவிட்டு எழும்புகிறேன்" என்று இருக்கிறான். அப்படி இருந்தால் எழும்பவே முடியாது.

அப்படியானால் நன்றாக ஆடுபவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

மகன் எடுத்திருந்தது காயத்தை ஆற்றும் பாத்திரம். கூட்டாளி வாளோடு முன்னால் போவான், இவன் பின்னால் நின்று கூட்டாளியின் உயிரைக் காப்பாற்றுவான். எதிரணியில் பெரும்பாலும் ஒரு கள்வனும் ஒரு மந்திரவாதியும் வருவார்கள். கள்வன் கண்ணுக்குத் தெரியாமல் வந்து முதுகில் அடித்து 4 வினாடி அசையவிடாமல் செய்வான். பிறகு அதைவிட நீண்ட, 6 வினாடி வரையிலான ஓர் அடி இருக்கிறது. மந்திரவாதி எதிரியைச் செம்மறியாடாக மாற்றிவிடுவான். அது 10 வினாடி. ஆடாக இருக்கும்வரை புல் மேய்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. (இதைப் பார்த்து நான் சிரித்தபோது மகனும் சிரித்துவிட்டான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.)

இவற்றிலிருந்து தப்ப எல்லோரிடமும் ஒரு பதக்கம் உண்டு. அழுத்தினால் எந்தப் பிடியிலிருந்தும் விடுபடலாம். ஆனால் ஒரு தடவை பாவித்தால் அடுத்த 2 நிமிடத்துக்கு அது வேலை செய்யாது.

மகன் தோற்ற ஓர் ஆட்டத்தின் பதிவு கம்பியூட்டரில் இருந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. "கூட்டாளி சரியில்ல சாச்சி, அவன் தூரப் போய்ட்டான்" என்பதுதான் அவன் தீர்ப்பு. போட்டுப் பார்த்தோம். ஆட்டம் தொடங்கிக் கள்வன் முதல் அடி அடித்ததும் மகன் பதறிப்போய்ப் பதக்கத்தை அழுத்திவிட்டான். 4 வினாடிப் பிடிக்கு 2 நிமிடச் சாவியைச் செலவழித்தாயிற்று. அடுத்த அடி 6 வினாடி. இப்போது கையில் ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்தது. கூட்டாளி தூரப் போனது அதற்கு அடுத்த ஆட்டத்தில்!

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "முதல் அடியத் தாங்கிட்டு இருந்திருக்கணும்" என்றான். நான் சொல்லவில்லை, அவனே சொன்னான்.

அதன் பிறகு தினமும் ஒரு தோல்வியை மட்டும் எடுத்துப் பார்த்தோம். அரீனாக்களில் ஒன்றிலே தூண்கள் இருக்கின்றன. மந்திரவாதியின் கண்ணில் படாதவரை ஆடாக மாற்ற முடியாது. ஆனால் இவன் எப்போதும் வெளியிலேயே நின்றான். மருந்துப் பிரார்த்தனையை ஓதத் தொடங்கியதும் எதிரி அதை இடைமறித்து வெட்டுவான். வெட்டுப்பட்டால் சில வினாடிகள் அந்த வகை மந்திரம் எதுவும் வராது. கைதேர்ந்தவர்கள் ஓதுவதுபோலத் தொடங்கிவிட்டு நிறுத்துவார்கள். எதிரி ஏமாந்து வெறுமையில் வெட்டுவான், அவன் ஆயுதம் போய்விடும், பிறகு இவர்கள் ஆறுதலாக ஓதலாம். இதற்குத் தேவை வேகமான விரல் அல்ல. எதிரி இப்போது எதைச் செலவழித்துவிட்டான், எது அவனிடம் மீதி இருக்கிறது என்ற கணக்கு. ஆடாக மாற்றும் வித்தைக்கும் ஒரு கணக்கு இருந்தது. அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாவது தடவை பாதி நேரம், மூன்றாவது தடவை கால்வாசி, நான்காவது தடவை பலிக்கவே பலிக்காது. மூன்றாவது ஆட்டுக்குப் பதக்கத்தை வீணாக்குபவன் எண்ணத் தெரியாதவன். வீட்டுச் செலவுப் பணத்தை மாதக் கடைசி வரை கொண்டுபோகும் உம்மாமாருக்கு இது ஒன்றும் புதிய வித்தையல்ல.

கோபம் வந்தவனுக்கு எண்ண முடியாது. மல்யுத்தத்தில் வீழ்த்துபவனைவிடக் கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை நாம் மத்ரஸாவில் படித்தோம். இந்த ஆட்டக்காரர்கள் அதைப் புள்ளி இழந்து படிக்கிறார்கள். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் எழும்பிவிட வேண்டும் என்பது அவர்களுக்கிடையே பழைய புத்திமதி. மூன்றாவது ஆட்டத்தில் அவன் எதிரியோடு ஆடுவதில்லை, முந்திய இரண்டு தோல்விகளோடு ஆடுகிறான்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டு ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். விசைப்பலகையில் இலக்கங்களை ஒரே ஒழுங்கில் வேகமாக அழுத்தப் பழக்கினார்கள். பழகிவிட்டு ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள், மேலதிகப் பயிற்சி எதுவும் இன்றி, ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாக அழுத்தினார்கள். தூங்காமல் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. விரல் பழகியது தூக்கத்தில்தான் ஊறுகிறது. இரவு இரண்டு மணி வரை ஆடுபவன் தான் பழகியதைத் தானே அழிக்கிறான். மகனுக்கு நான் சொன்ன எத்தனையோ விடயங்களில் அவன் உடனே ஏற்றுக்கொண்டது இதை ஒன்றைத்தான். சுப்ஹுக்கு எழும்புவதைப் பற்றி ராத்தா வருடக்கணக்காகச் சொல்லியும் நடக்காதது, புள்ளி கூடும் என்றதும் நடந்தது. நிய்யத்து சரியில்லை என்று ராத்தா குறைபட்டார். முதலில் எழும்பட்டும், நிய்யத்து பின்னால் வரும் என்றேன்.

பணம் கொடுத்துத் தரத்தை வாங்கும் குறுக்கு வழியும் உண்டு. கெட்டிக்காரன் ஒருவன் உங்கள் பெயரில் ஆடிப் புள்ளியை ஏற்றித் தருவான். தென்கொரியாவில் இது பெரும் வியாபாரமாகி, 2018 டிசம்பரில் சிறைத்தண்டனையோடு கூடிய சட்டமே நிறைவேற்றினார்கள். பரீட்சைக்கு ஆள் அனுப்புவதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வாங்கியவனுக்கும் அதிலே சுகமில்லை. அந்தத் தரத்துக்குரிய எதிரிகள் வந்து நாலு நாளில் கீழே இறக்கிவிடுவார்கள்.

அதே தென்கொரியா 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஒன்லைனில் ஆடக்கூடாது என்று 2011ஆம் ஆண்டு சட்டம் போட்டுப் பார்த்தது. 2022 ஜனவரியோடு அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளை எத்தனை மணிக்குப் படுப்பது என்ற விடயம் திரும்பவும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

ராத்தாவின் வீட்டில் கடைசியில் ஏற்பட்ட ஒழுங்கு இதுதான். கிழமைக்குப் பத்து ஆட்டம், வெள்ளியும் சனியும் இஷாவுக்குப் பிறகு. மற்ற நாட்களில் விரும்பினால் ஒரு பதிவைப் பார்க்கலாம், அரை மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புதிய ஆட்டத்துக்குப் பெயர் கொடுப்பதில்லை. பிளக்கை உம்மா தொடுவதில்லை. முதல் இரண்டு கிழமை மீறல்களும் சண்டைகளும் இருந்தன. ஒரு நாள் கீபோர்டு அலுமாரிக்குள் போனது. புள்ளி கூடியதா என்றால், கூடியது. பெரிய ஏற்றமில்லை. மகன் உலக வீரனாகிவிடவில்லை. 2022 மே மாதம் பரீட்சை வந்தபோது ஆட்டத்துக்கான மாதக் கட்டணத்தை அவனாகவே நிறுத்திக்கொண்டான். பரீட்சை முடிந்த கிழமையிலேயே திரும்பவும் கட்டினான்.

நான் மறுபடி அங்கே போயிருந்த ஒரு வெள்ளி இரவு ராத்தா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. திரை அங்கிருந்தே தெரிந்தது. மந்திரவாதி கையை உயர்த்தியதுதான் தாமதம், ராத்தா துருவலை நிறுத்திவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "வெளிய நிக்காதீங்க மகன், தூணுக்குப் பின்னால போங்க!"