பத்துக்குப் பத்து வந்தது எப்படி?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் வாங்கும் வளையலில் 916 என்று பொறித்திருந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். எந்தக் கருவியில் சோதித்தாலும் அதையொட்டிய எண்தான் வர வேண்டும். போக்கிமோன் அட்டையை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைமேல் உள்ள 10 அந்த வகை எண் அல்ல. அது அட்டையின் நிலையைப் பார்த்துத் தரமிடும் ஒரு நிறுவனம் சொன்ன தீர்ப்பு. ஆனால் கரோசல் இணையச் சந்தையில் ஒரே அட்டை 9 என்றால் ஒரு விலைக்கும் 10 என்றால் அதைவிடப் பல மடங்குக்கும் விற்கிறது. இவ்வளவு பணம் ஒரு தீர்ப்பை நம்பிக் கைமாறும்போது, அதற்கான சாட்சியத்தையும் கேட்பதுதான் முறை. தரமிடும் நிறுவனங்கள் சில இணையத்தில் தரும் டிஜிட்டல் தர அறிக்கையை அந்தச் சாட்சியமாகவே படிக்க வேண்டும்.

சாட்சியம் இல்லாத தீர்ப்பு என்ன ஆகும் என்பதற்கு இத்துறையின் புகழ்பெற்ற அட்டை ஒன்றே உதாரணம். அமெரிக்காவின் பிஎஸ்ஏ நிறுவனம் 1991இல் தொடங்கியபோது முதலில் தரமிட்டது பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டைக்கு. கிடைத்த தரம் 8. 2007இல் அது 28 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அதன் விளிம்புகளை வெட்டிச் சீராக்கியது தானே என்று ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு எண் தரமே கொடுக்கக் கூடாது என்பது விதி. உறையில் இருந்ததோ எட்டு என்ற எண் மட்டும். எதைப் பார்த்து எட்டு என்றார்கள் என்று கேட்க வழியில்லை.

இன்றைய அறிக்கை அந்த வழியைத் திறக்கிறது. டேக் போன்ற தரமிடும் நிறுவனங்கள் அட்டையைப் பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சிப் படமெடுக்கின்றன. நேர் ஒளியில் மறைந்துவிடும் கீறலும் பள்ளமும் சாய்ந்த ஒளியில் நிழல் காட்டிக் கொடுக்கும். அந்த நிழல்களைக் கணினி ஒப்பிட்டு மேற்பரப்பின் மேடு பள்ளங்களைக் கணிக்கிறது. மூலை, விளிம்பு, மேற்பரப்பு, சென்டரிங் என நான்கையும் ஆராய்ந்து ஆயிரத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தருகிறது. சென்டரிங் என்பது படம் நடுவில் இருக்கிறதா என்ற கணக்கு. போக்கிமோன் அட்டையின் அகலம் 63 மில்லிமீட்டர். இருபுற ஓரங்களும் சேர்ந்து 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 55/45 என்பது ஒருபுறம் 3.3, மறுபுறம் 2.7. அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து வாதாடிப் பயனில்லை. அளந்தால் வாதமே இல்லை.

இயந்திரம் சொல்லிவிட்டால் அதுவே உண்மையா என்று கேட்கலாம். இல்லை. கீறலின் நீளத்தை இயந்திரம் அளக்கும். அந்தக் கீறலுக்கு எத்தனை மதிப்பெண் கழிப்பது என்பது மனிதர் வகுத்த விதி. அதனால்தான் ஒரே அட்டை இரு நிறுவனங்களில் இரு தரம் பெறுகிறது. சந்தை எண்ணுக்குத்தானே பணம் தருகிறது, அறிக்கை எதற்கு என்பது இன்னும் வலுவான மறுப்பு. இன்று வரை அதுவே நிலைமை. ஆனாலும் பத்தின் எல்லையில் தொங்கும் அட்டையையும் எல்லையை எளிதில் தாண்டிய அட்டையையும் ஒரே விலைக்கு வாங்குபவர் ஏமாறத்தான் செய்கிறார். அந்த வேறுபாட்டைக் காட்டுவது அறிக்கை மட்டுமே.

ஆனால் அறிக்கைக்கும் எல்லை உண்டு. அது சொல்வது தரமிட்ட நாளின் நிலையைத்தான். உறையையும் போலியாகச் செய்யலாம், அதன்மேல் உள்ள கியூஆர் குறியீட்டைப் போலித் தளத்துக்குத் திருப்பலாம். ஆகவே குறியீட்டை ஸ்கேன் செய்வதோடு நிறுத்தாமல், நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே சென்று உறையிலுள்ள சான்று எண்ணைத் தட்டுங்கள். அறிக்கைப் படத்திலுள்ள அச்சுப் புள்ளி, மூலைத் தேய்வு எல்லாம் கையிலுள்ள அட்டையிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஏனெனில் பழுதுள்ள பொருளுக்கான சிங்கப்பூரின் ‘லெமன்’ சட்டம் வணிகரிடம் வாங்கியவருக்குத்தான் பொருந்தும், தனியாள் தனியாளுக்கு விற்றதற்குப் பொருந்தாது.