மாத்தளைப் பளிங்குக்கல்லும் ஆழ்கடல் முருகையும்

கடற்கரையே இல்லாத மாத்தளை மாவட்டத்தில் சுண்ணாம்புச் சூளைகளுக்காகவும், தேயிலைத் தோட்ட மண்ணின் அமிலத்தன்மையைத் தணிக்கும் தொலமைற்றுத் தூளுக்காகவும் அகழப்படும் வெண்ணிறப் பளிங்குக்கல், பண்டைக் கடலொன்றின் அடியில் படிந்த காபனேற்று வண்டலிலிருந்து உருவானது. ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, அவ்வண்டல் பூமிக்குள் ஆழப் புதைந்து, 700 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் மீளப் பளிங்கானது. கடல் இருந்தது என்பதற்கு இக்கல் சான்று தருகிறதெனினும், அக்கடல் நீரின் அமிலத்தன்மை என்ன, அதில் கரைந்திருந்த காபன் எவ்வாறு இயங்கியது என்பன போன்ற நுண்ணிய விவரங்களை அந்த வெப்பம் அழித்துவிட்டது.

அத்தகைய விவரங்களைச் சிதையாமல் வைத்திருக்கும் இளைய காபனேற்று ஒன்றைத் தேடியபோதே ஆய்வாளர்களின் கவனம் ஆழ்கடல் முருகைகளின்பால் சென்றது. கரையோர முருகைகளைப் போலச் சூரிய ஒளியையும் உடன்வாழும் அல்காக்களையும் நம்பாமல், நீரில் மிதந்து வரும் உணவுத் துகள்களையும் நுண்ணுயிரிகளையும் பிடித்துண்டு, நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்திலும் அதற்குக் கீழும் வாழும் இவ்வுயிரிகளுள் டெஸ்மோபில்லம் டயாந்தஸ் எனும் தனித்து வளரும் இனம், கல்சியம் காபனேற்றின் ஒரு வடிவமான அரகனைற்றினால் தன் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது.

அக்கூட்டில் இரு கடிகாரங்கள் உள்ளன. கடல்நீரிலிருந்து யுரேனியம் கூட்டினுள் புகுகிறது. தோரியமோ மிகச் சிறிதளவே புகுவதால், யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறிய அளவு முருகையின் வயதைத் தருகிறது. மறுபுறம், வளிமண்டலத்தில் தோன்றும் காபன்-14, வளியுடன் தொடர்பற்று ஆழத்தில் தேங்கிய நீரில் 5,730 ஆண்டு அரைவாழ்வுடன் குறைந்துகொண்டே வருவதால், முருகையின் வயதுக்குரிய குறைவைக் கழித்தபின் எஞ்சும் பற்றாக்குறை, அந்நீர் எவ்வளவு காலம் வளியைக் காணாதிருந்தது என்பதைக் காட்டுகிறது. இவற்றுடன், போரன் தனிமத்தின் சமதானிகள், அதாவது நிறையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள், நீரின் அமிலத்தன்மையையும் அதன் வழியே கரைந்திருந்த காபனீரொட்சைட்டையும் மதிப்பிட உதவுகின்றன.

கடல், தொழிற்புரட்சிக்கு முந்தைய வளிமண்டலத்தைவிட ஏறத்தாழ 60 மடங்கு காபனைத் தாங்குகிறது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் வளியில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 190 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் உயரத் தொடங்கி, ஏழாயிரம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80 பங்கு கூடியதென அந்தாட்டிக்காவின் பனிக்கட்டியில் அடைபட்ட வளிக்குமிழ்கள் காட்டுகின்றன. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு, தென் அமெரிக்காவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடைப்பட்ட டிரேக் நீரிணையில் எடுக்கப்பட்ட முருகைகள் விடையளித்தன. பனியூழியில் அங்குள்ள ஆழ்நீர் வளியிலிருந்து நெடுங்காலம் பிரிந்து கிடந்ததையும், பின்னர் அத்தேக்கம் குலைந்ததையும் 2012இல் வெளிவந்த காபன்-14 ஆய்வு காட்டியது; 2018இல் வெளிவந்த போரன் ஆய்வு, ஆழத்தில் தேங்கிய காபனீரொட்சைட்டு தென் சமுத்திரத்தின் வழியே வளிக்கு வெளியேறியதையும், அது சில வேளைகளில் ஓரிரு நூற்றாண்டுகளுக்குள்ளேயே விரைந்து நிகழ்ந்ததையும் உணர்த்தியது. எனினும், முருகை தன் கூட்டைக் கட்டும் திரவத்தின் அமிலத்தன்மையைத் தானே மாற்றிக்கொள்வதால், இன்று வாழும் முருகைகளைக் கொண்டு அளவீடுகளைத் திருத்திய பின்னரே இவற்றை ஏற்க முடியும்.

தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். கல்லில் அடைபட்ட பண்டைக் கடலின் காபன் இவ்வாறு வளிக்குத் திரும்புகிறது. எரிபொருள்களின் புகையோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கே. ஆயினும் மனிதச் செயற்பாடுகள் ஒன்றுசேர்ந்து, 280 பங்காக இருந்த அளவை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் 420 பங்குக்கு மேல் உயர்த்திவிட்டன. இயற்கை ஏழாயிரம் ஆண்டுகளில் செய்ததைவிடப் பெரிய மாற்றம் இது. மெதுவாக வளரும் ஆழ்கடல் முருகைகளை நொறுக்கும் அடியிழுவை மீன்பிடியைத் தடுப்பது, உயிரினப் பாதுகாப்பு மட்டுமன்றி, இம்மாற்றத்தை அளந்தறிய உதவும் ஆவணங்களின் பாதுகாப்புமாகும்.