புல்லட்டின் மூச்சு

லஸ் சிக்னலில் பச்சை விழுந்ததும் ஒரு புல்லட் கிளம்புவதைக் கவனியுங்கள். பின்சீட்டில் ஆள், நடுவில் காய்கறிப் பை. ஆக்சிலரேட்டரைப் பெரிதாக முறுக்காமலே வண்டி நகர்ந்துவிடும். 1955 முதல் சென்னைப் பகுதியில் உருவாகிவரும் இந்த வண்டியின் இன்றைய 349 சிசி என்ஜினுக்கு 20.2 குதிரைத்திறன்தான். முந்தைய 373 சிசி கேடிஎம் 390 ட்யூக் பைக்கோ 43-ஐத் தொட்டது. பிறகு எப்படி இவ்வளவு சுலபமான இழுவை?

பதிலில் பெரும்பங்கு சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. அதுதான் என்ஜினின் மூக்கும் தொண்டையும். போர்ட் என்பது காற்று வரும் வழி. வால்வு அதன் கதவு. நிமிடத்துக்கு 3000 சுற்றில் புல்லட் வினாடிக்கு 25 முறை மூச்சிழுக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைப்பது வினாடியில் நூறில் ஒரு பங்கு. நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கொள்ளும் காற்றை முழுதாக முறுக்கினால் ஏறத்தாழ இரண்டரை வினாடியில் உள்ளே இழுத்துவிடும்!

அப்படியானால் வழியை அகலமாக்கினால் நல்லதுதானே? இங்கேதான் அழகான சூட்சுமம். காற்றுக்கும் எடை உண்டு. ஓடத் தொடங்கினால் சட்டென்று நிற்காது. பிஸ்டன் அடிமட்டம் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு சற்றுத் திறந்தே இருக்கும். ரங்கநாதன் தெருவில் பின்னால் வருபவர்கள் தள்ள, நிற்க நினைத்தவரும் கடைக்குள் போய்விடுவது போல, வேகமாக வந்த காற்று அந்த நேரத்திலும் உள்ளே நெருக்கி நுழைகிறது.

போர்ட் மிக அகலமானால் குறைந்த சுற்றில் காற்று சோம்பிவிடும். மேலேறும் பிஸ்டன் அதை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் முனையை விரலால் அடைக்கிறோமே, அதே கணக்குதான். அதே அளவு காற்று, குறுக்குவெட்டுப் பரப்பு பாதியான வழியில் போனால் வேகம் இரண்டு மடங்கு. அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. அந்தப் பாய்ச்சலில் பெட்ரோல் துளிகளும் நன்றாகக் கலந்து, சீராக எரிகின்றன.

ஹெட்டைச் சோதிக்க ஃப்ளோ பெஞ்ச் என்றொரு கருவி உண்டு. வால்வைத் திறந்து பிடித்து, சீராகக் காற்றை உறிஞ்சி அளக்கும். ஆனால் ஓடும் என்ஜினில் வால்வு முழுதாகத் திறந்திருப்பது கண நேரம்தான். அதனால் பெஞ்சில் வரும் உச்ச எண்ணைவிட, வால்வு பாதி திறந்திருக்கும்போது எவ்வளவு காற்று போகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

புல்லட்டின் உச்ச முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், 27 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் இரண்டே முக்கால் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டது போல. அது 4000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. அந்த 373 சிசி 390-க்கு 37 இருந்தது, ஆனால் அதற்கு 7000 சுற்று வேண்டியிருந்தது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் 390-இன் அகலமான தொண்டைதான் ஜெயிக்கும். உஸ்மான் சாலையில் 7000-க்கு இடம் ஏது? நீண்ட ஸ்ட்ரோக்குக்கும் கனமான ஃப்ளைவீலுக்கும் புல்லட்டின் இழுவையில் பங்குண்டு. ஆனால் அவற்றுக்கு ஏற்ற அளவில் மூச்சுவிட ஹெட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

போர்ட்டைக் குடைந்து பெரிதாக்கச் சொல்லி வருபவர்கள் உண்டு. குடைந்தெடுத்த உலோகம் திரும்ப ஒட்டாது. சிக்னலில் இருந்த பிக்கப்பும் அதோடு போய்விடும். அனுபவமுள்ள மெக்கானிக் போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார், வார்ப்பில் தங்கிய பிசிறை மட்டும் தேய்ப்பார், ஹெட்டைத் திரும்ப மாட்டிவிடுவார்.