நீங்க தட்டுற தாளம் யாருக்குக் கேக்குது? போன் கீபோர்டும் உங்க அடையாளமும்

(இது எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க பாஸ்வேர்டை ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டு, உங்க போன்லயே சரியா டைப் பண்றார். அது நீங்க இல்லைன்னு போனால கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். என்ன டைப் பண்ணீங்கன்னு பாக்காம, எப்படி டைப் பண்ணீங்கன்னு பாக்கணும், அவ்வளவுதான். இதுக்கு கீஸ்ட்ரோக் டைனமிக்ஸ்னு பேரு. நாம தட்டச்சுத் தாளம்னு வெச்சுக்கலாம்.

விராலிமலை தெரியும்ல? திருச்சியிலிருந்து மதுரை போற வழியில, மயிலுக்கும் மலைமேல இருக்கிற முருகனுக்கும் பேர் போன ஊர். சதிராட்டத்துக்கும் பேர் போனதுதான். அந்த மரபுல வந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. ஒரே ஜதிக்கு ரெண்டு பேர் ஆடினாலும், கால் தரையில நிக்கிற நேரமும் அடுத்த அடிக்கு எடுத்துக்கிற இடைவெளியும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். விரலுக்கும் அதே கதைதான்.

அளக்கிறது ரெண்டே நேரம்

முதலாவது, ஒரு பட்டன் மேல விரல் எவ்வளவு நேரம் தங்குது. ரெண்டாவது, ஒரு எழுத்துலேர்ந்து அடுத்த எழுத்துக்குத் தாவ எவ்வளவு நேரம் ஆகுது. ரெண்டையும் மில்லிசெகண்ட்ல அளப்பாங்க. ஒரு செகண்டை ஆயிரமா பிரிச்சா அதுல ஒண்ணு ஒரு மில்லிசெகண்ட்.

'அம்மா'ன்னு அடிக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. தமிழ்99 கீபோர்டுல அ, ம, ம, ஆன்னு நாலு தட்டு. நடுவுல புள்ளி தானா வந்துடும். தங்லீஷ்ல அடிச்சாலும் நாலு தட்டுதான். ஆனா தங்லீஷ்ல முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே பட்டன். தமிழ்99-ல அது ரெண்டு வேற பட்டன், அதனால கடைசித் தாவல் மாறிடும். அதாவது தாளம் ஆளை மட்டும் பொறுத்தது இல்ல, கீபோர்டையும் பொறுத்தது. நீங்க தங்லீஷ்ல பழக்கின மெஷின், நீங்க தமிழ்ல அடிக்கும்போது உங்களையே தெரியாதுன்னு சொல்லலாம்.

இது புது யோசனை இல்ல

தந்தி காலத்துலயே ஆபரேட்டர்கள், மறுமுனையில தட்டுறது யாருன்னு கட்-கடா சத்தத்தை வெச்சே சொல்லிடுவாங்க. 'இது அவரோட கை'ன்னு பேசிக்குவாங்க. ரெண்டாம் உலகப் போர்ல, ஜெர்மன் ரேடியோவை ஒட்டுக்கேட்ட பிரிட்டிஷ்காரங்க செய்தியைப் புரிஞ்சுக்க முடியாதப்பகூட, அனுப்புற ஆளோட கையை வெச்சு அந்தப் படை எங்க நகருதுன்னு பின்தொடர்ந்தாங்க. 1980-ல அமெரிக்காவோட ராண்ட் நிறுவனம் ஏழு டைப்பிஸ்ட்களை வெச்சு, எழுத்து ஜோடிகளுக்கு நடுவுல இருக்கிற நேரத்தை அளந்து ஒரு அறிக்கை போட்டது. இந்தத் துறையில அடிக்கடி சொல்லப்படுற தொடக்கம் அதுதான்.

கண்ணாடில தட்டும்போது என்ன மாறுது?

கம்ப்யூட்டர் கீபோர்டுல பட்டன் இறங்குறதும் ஏறுறதும் தெளிவா பதிவாகும். போன்ல அப்படி இல்ல. உங்க விரலுக்கும் ஆப்புக்கும் நடுவுல ஜிபோர்ட் மாதிரி ஒரு கீபோர்ட் ஆப் உக்காந்திருக்கு. விரல் எங்க பட்டது, எப்ப எடுத்தீங்கங்கிறது முழுசா தெரிஞ்சது அதுக்கு மட்டும்தான். மத்த ஆப்புக்குப் பெரும்பாலும் 'இந்த எழுத்து வந்துச்சு'ங்கிற தகவல் மட்டும்தான் போகும்.

ஆண்ட்ராய்டு குரோம்ல இது இன்னும் வேடிக்கை. நீங்க எந்த எழுத்தைத் தட்டினாலும் வெப்சைட்டுக்குப் பெரும்பாலும் 229-னு ஒரே நம்பர்தான் போகும். ஆனா பெட்டிக்குள்ள எழுத்து எப்ப மாறுச்சுன்னு வெப்சைட் பாத்துக்கலாம். அதனால தங்குற நேரம் கிடைக்காது, தாவுற நேரம் ஓரளவு கிடைக்கும். ஸ்வைப் பண்ணி எழுதினாலோ, மேல வர்ற வார்த்தையைத் தட்டினாலோ முழு வார்த்தையும் ஒரே நேரத்துல வந்து விழும். அப்ப தாளமே இல்ல.

அதுக்குப் பதிலா போன்ல வேற விஷயங்கள் கிடைக்குது. ஒரு ஆப் தனக்குன்னு சொந்தமா ஒரு நம்பர் பேட் வெச்சிருந்தா, விரல் எந்த மூலையில பட்டது, எவ்வளவு பரப்புல பட்டது எல்லாத்தையும் பாக்கலாம். போன் எந்தப் பக்கம் சாய்ஞ்சது, ஒவ்வொரு தட்டுக்கும் எவ்வளவு ஆடுச்சுன்னு அசைவு சென்சார் சொல்லும். கேமராவுக்கும் மைக்குக்கும் பெர்மிஷன் கேக்குற ஆண்ட்ராய்டு, சாதாரண வேகத்துல அசைவு சென்சாரைப் படிக்க உங்ககிட்ட கேக்குறதே இல்ல. கைரேகை வைக்கணும்னா நீங்க விரலை நீட்டணும். இதை எடுக்குறது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எவ்வளவு நம்பலாம்?

2009-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 51 பேரை ஒரே பாஸ்வேர்டை ஆளுக்கு 400 தடவை அடிக்கச் சொன்னாங்க. அது கம்ப்யூட்டர் கீபோர்டு. 14 வழிமுறைகளைப் போட்டுப் பாத்ததுல, நல்லா வந்ததுக்கே பிழை சுமார் 9.6 சதவீதம். அதாவது உண்மையான ஆள் 100 தடவை அடிச்சா சுமார் 10 தடவை 'நீ இல்ல'ன்னு சொல்லும். வேற ஆள் 100 தடவை அடிச்சா சுமார் 10 தடவை உள்ள விட்டுடும்.

'இது இவர்தானா?'ன்னு கேக்குறது வேற, 'இது யாரு?'ன்னு கேக்குறது வேற. ஒரு லட்சம் பேர்ல ஆளைத் தேடுனா, அதே பிழைக் கணக்குல கிட்டத்தட்ட 10,000 பேர் 'இவரா இருக்கலாம்'னு வந்து நிப்பாங்க. அதனால தட்டச்சுத் தாளத்தை மட்டும் வெச்சு ஆளை அடையாளம் காட்ட முடியாது. சந்தேகப்பட உதவும், அவ்வளவுதான்.

பேங்குக்கு எதுக்கு இது?

காரணம் நியாயமானதுதான். 2019 பிப்ரவரியிலயே ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் மாதிரி ஆப்பை இறக்க வெச்சு தூரத்துலேர்ந்து போனை இயக்கிப் பணத்தை எடுக்குறாங்கன்னு எச்சரிச்சது. அப்படி இயக்கும்போது கண்ணாடில விரல் படாது, போனும் ஆடாது. அந்த வித்தியாசத்தைப் பிடிச்சா ஒருத்தரோட சேமிப்பு தப்பிக்கும்.

2025 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி வெளியிட்ட, 2026 ஏப்ரல் 1-லேர்ந்து அமலுக்கு வர்ற விதிகள், ரெண்டு அடுக்கு சரிபார்ப்புக்கு மேல இடம், சாதனம், பயன்படுத்துறவரோட பழக்கம், பழைய பரிவர்த்தனைகள் இதையெல்லாம் பாத்து ரிஸ்க்கை எடைபோடலாம்னு சொல்லுது. 'பழக்கம்'ங்கிற அந்த வார்த்தைக்குள்ள தட்டச்சுத் தாளமும் அடங்கும்.

தப்பாப் போனா யாருக்கு அடி?

விராலிமலையில ஒரு வீட்டைக் கற்பனை பண்ணிக்கோங்க. அப்பா ஃபேக்டரில நைட் ஷிஃப்ட். அம்மா பேர்ல அக்கவுண்ட், ஆனா போன்ல பணம் அனுப்புறது காலேஜ் படிக்கிற பொண்ணு. பின்னை அடுத்தவங்ககிட்ட சொல்லக் கூடாதுங்கிறது விதி. ஆனா நம்ம எத்தனை வீட்டுல இதுதான் நடைமுறை! மெஷினுக்குத் தெரிஞ்ச 'அம்மா', உண்மையில அந்தப் பொண்ணோட விரல். அவ ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அம்மா முதல் தடவையா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு நம்பரா தேடித் தட்டுறாங்க. சொந்தப் பணம், சரியான நம்பர், ஆனா மெஷினுக்கு அவங்க புது ஆள். விரல்ல கட்டு போட்டவர், கை நடுக்கம் இருக்கிறவர், நேத்து புது ஸ்கிரீன் கார்டு ஒட்டினவர்னு எல்லாருக்கும் இதே சிக்கல் வரலாம். பணம் நிக்கும், ஏன் நின்னுச்சுன்னு ஸ்கிரீன்ல வராது.

சட்டம் எங்க இருக்கு?

2011 ஐடி விதிகள் பயோமெட்ரிக்னா கைரேகை, கருவிழி, குரல், முகம், டிஎன்ஏன்னு உதாரணம் அடுக்குது. தட்டுற தாளம் அந்தப் பட்டியல்ல இல்ல. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 'ரொம்ப முக்கியமான தரவு'ன்னு தனிப் பிரிவே கிடையாது. ஆனா உங்களை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் அதுக்குள்ள வரும். அதனால உங்க அக்கவுண்டோட சேர்ந்த தாளமும் வரும். எதுக்காக எடுக்குறோம்னு தெளிவா சொல்லி சம்மதம் வாங்கணுங்கிறதுதான் பொது விதி, விலக்குகளும் இருக்கு. 2025 நவம்பர்ல விதிகள் வந்துச்சு. முக்கியமான கடமைகள் அதுலேர்ந்து 18 மாசம் கழிச்சுதான் அமலாகும்.

நாம என்ன பண்ணலாம்?

ஒண்ணு, தெரியாத கீபோர்ட் ஆப்பைப் போடாதீங்க. இந்த எபிசோட்ல பேசின எல்லாத்தையும்விட அதிகமா பாக்குறது அதுதான். ரெண்டு, வீட்டுல இருக்கிற பெரியவங்களை அவங்க போன்ல அவங்களே தட்டப் பழக்குங்க. பக்கத்துல உக்காருங்க, பின்னை மட்டும் அவங்க விரல் போடட்டும். மூணு, பேங்க் ஆப்போட பிரைவசி பக்கத்துல 'நடத்தை', 'சாதனத் தகவல்'னு வர்ற இடத்தைப் படிங்க. நாலு, காரணம் சொல்லாம பரிவர்த்தனை நின்னா எழுத்துல கேளுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், உதவி எண் 14448. பணமே போயிட்டா காத்திருக்காம உடனே 1930.

பாஸ்வேர்ட் போனா மாத்திக்கலாம். விரலோட பழக்கத்தை அப்படி ஒரே நாள்ல மாத்த முடியாது. அதனால அதை எடுக்குறவங்க, எடுக்குறோம்னு சொல்லணும். தப்பாச்சுன்னா ஒரு மனுஷர் பதில் சொல்லணும். இந்த ரெண்டையும் கேக்குறது நம்ம உரிமை.

இந்த எபிசோடை வீட்டுல யாருக்காவது போட்டுக் காட்டுங்க.