பொங்கலுக்கு விரித்தது, பங்குனியில் மேடு தட்டுது

எங்கள் போச்சம்பள்ளியில் கார்பெட் என்றால் காஷ்மீர்க் கம்பளம் கிடையாது. கடையில் சுருளாக நிறுத்தி வைத்து, மீட்டர் கணக்கில் அறுத்துத் தருகிற பிளாஸ்டிக் விரிப்புதான். சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு விடும் ரூமில் சிமென்ட் தரை பெயர்ந்து கிடந்தால், டைல்ஸ் செலவுக்குப் பயந்து இதை விரித்துவிடுவோம். எங்கள் மாடி ரூமிலும் அதுதான்.

பொங்கலுக்கு வெள்ளையடித்த கையோடு விரிப்போம். பங்குனி பிறந்ததும் நடுவில் மேடு தட்டும். "அக்கா, நைட் ஷிஃப்ட் முடிச்சு இருட்டுல வந்தா கால் தட்டுது" என்கிறாள் குடியிருக்கும் பெண். ஊரார் சொல்லும் வைத்தியம், மேட்டின்மேல் பீரோவை நகர்த்தி வைப்பது. மேடு அந்தப் பக்கம் போய் எழும்பும், அவ்வளவுதான்.

விரிப்பு தொளதொளத்துப் போனதாக நினைக்கிறோம். உண்மையில் அதற்கு இடம் போதவில்லை. இந்தப் பிளாஸ்டிக், அதாவது பிவிசி, சூட்டில் நீளும். தை மாத விடியலுக்கும் ஷீட் கூரைக்குக் கீழே பங்குனி மத்தியானத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், 10 அடி விரிப்பு 3, 4 மில்லிமீட்டர் கூடும். ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். இரண்டு முனையும் சுவரில் முட்டி நிற்கையில் அந்த 4 மில்லிமீட்டர் ஓரடி அகல மேடாகத் திரண்டால், உயரம் 2 சென்டிமீட்டர் வரை போகும். வயசானவர்கள் தடுக்கி விழ வேறென்ன வேண்டும்?

ஆகவே மேட்டில் கத்தி வைக்காதீர்கள். உச்சி வெயில் நேரமாகப் பார்த்துக் கட்டிலையும் பீரோவையும் வெளியே எடுங்கள். அப்போதுதான் விரிப்பு முழு நீளத்தில் இருக்கும், இளகியும் கொடுக்கும். சப்பாத்திக் கட்டையால் மேட்டைச் சுவர்ப்பக்கம் உருட்டித் தள்ளுங்கள். சுவரில் ஏறுகிற மிச்சத்தை இரும்பு ஸ்கேல் வைத்து, அரை சென்டிமீட்டர் சந்து விட்டு அறுத்தெடுங்கள். பனிக்காலத்தில் சந்து கொஞ்சம் பெரிதாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

சிலர் இஸ்திரிப் பெட்டியை எடுப்பார்கள். வேண்டாம், பிளாஸ்டிக் உருகிப் பெட்டியில் ஒட்டும்.

கீழ்வீடு என்றால் ஈரத்தையும் பார்க்க வேண்டும். விரிப்பை மடக்கி, தரையில் ஒரு முழம் பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்தத் தரையில் சாதாரணப் பசை நிற்காது. காய்ந்த தரையில், ஏற்கெனவே ஒட்டிய விரிப்பு கொப்புளித்தால், ஊசியால் குத்திக் காற்றை இறக்கி, சிரிஞ்சில் பசை ஏற்றி, மேலே கனம் வைத்தால் படியும். ரப்பர் பசைக்குத் தீப்பிடிக்கும் ஆவி உண்டு. அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள்.

வாசற்படி ஓரத்துக்கு ஹார்டுவேர் கடையில் அலுமினியப் பட்டி கிடைக்கும். திருகாணியை விரிப்புக்கு வெளியே தரையில் இறக்குங்கள். விரிப்பைத் துளைத்து இறக்கினால் அது நகர முடியாமல், அடுத்த பங்குனியில் வாசலிலேயே மேடு தட்டும்.